ஓடையின் மேல் போட்ட தெரு

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைப் படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. செங்குத்து மலை, அதில் தொற்றிக்கொண்டிருக்கும் வீடுகள், கீழே நீலக் கடல். 1997இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. எனக்கோ அந்தப் படங்களைப் பார்த்தால் ஒரே கேள்விதான்: இவ்வளவு செங்குத்தான கரையில் ஊர் உட்காரத் தட்டையான நிலம் எங்கிருந்து வந்தது?

காட்டாறு கொண்டுவந்து கொட்டியது. ஓடை கடலைத் தொடும் இடத்தில் கல்லும் சேறும் விசிறி போல விரிந்து படிந்தன. அதன்மேல்தான் கடைத்தெரு, தேவாலயம், எல்லாம். மேலே மலையில் சுண்ணாம்புப் பாறைக்குப் போர்வை போர்த்தியதுபோல வெசூவியஸ் எரிமலையின் சாம்பலும் நுரைக்கல்லும் கிடக்கின்றன. கி.பி. 79இல் விழுந்ததும் அதில் உண்டு. பெருமழையில் ஊறினால் போர்வை வழுக்கி இறங்கிவிடும். 1954 அக்டோபர் 25 இரவு சலேர்னோ, வியேத்ரி, மயோரி பக்கம் நடந்தது அதுதான். 300 பேருக்கு மேல் இறந்தார்கள். மலை இழந்த மண்ணால் வியேத்ரியில் கடற்கரை அகலமானது. இன்று அங்கே வெயில் காய்கிறார்கள்.

ஆபத்தான இடங்களைக் காட்டும் வரைபடம் இல்லாமலா என்று கேட்கலாம். 1998 மே மாதம், வெசூவியஸுக்குக் கிழக்கே உள்ள சார்னோ ஊரின் சேற்றுச்சரிவில் சுமார் 160 பேர் மாண்ட பிறகு, ஆபத்துப் பகுதிகளைக் குறிக்கச் சொல்லி இத்தாலியில் சட்டமே வந்தது. அதற்கும் 12 ஆண்டுகள் கழித்து, 2010 செப்டம்பரில், அமால்ஃபிக்குப் பக்கத்து ஊரான அட்ரானியில் திராகோனே ஓடை பொங்கித் தெருவில் நின்ற கார்களை அடித்துப்போனது. ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அந்தத் தெருவே ஓடையை மூடிப் போட்டது.

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் தீட்டிய ஆபத்து வரைபடத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்தது இதனால்தான். அதைப் பார்ப்பவர் தன் வீடு சிவப்பில் இருக்கிறதா என்று மட்டும் தேடுவார். இல்லையென்றால் மடித்து வைத்துவிடுவார். சிவப்பு ஏன் அங்கே முடிகிறது என்று அது சொல்லாது. நிலம் எப்படி உருவானது என்று காட்டும் நிலவுருவ வரைபடம் சொல்லும்: இது பழைய சரிவின் வடு, இது ஓடை முன்பு போன வழி, இது விசிறியின் தலை, அடுத்த முறை நீர் இங்கிருந்துதான் திசை மாறும். வீடு கட்ட அனுமதி தரும் மேசைமீது முதலில் விரிக்க வேண்டியது இது. (அதை வரைகிற வல்லுநர்களுக்கும் ஒரு சொல்: நூறு குறியீடுகளைத் திணித்தால் உங்களைத் தவிர யாருக்கும் புரியாது.)

இதையெல்லாம் வெளியிட்டால் சுற்றுலா கெடும், வீட்டு விலை விழும் என்கிறார்கள். விலை விழட்டும், அதுவும் ஒரு தகவல்தானே! விடுதிகளில் இலவசமாகத் தரும் ஊர் வரைபடத்திலேயே, தெருவுக்கு அடியில் ஓடும் ஓடையை நீலத்தில் தடித்த கோடாகப் போடலாம். மழை வலுத்தால் காரை எங்கே நிறுத்தக் கூடாது என்பது வெளியூர்க்காரருக்கும் தெரிந்துவிடும்.