“பூட்டுப்படுது தானே” என்பது ஒரு பதிலா?

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை இலங்கையில் ஓடவைத்திருப்பது பொழுதுபோக்கு அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், தொண்ணூறுகளில் வந்த பிக்கப்களைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிரத் தோட்டக்காரருக்கும் மீன் ஏற்றுபவருக்கும் வேறு வழியிருக்கவில்லை. 2025இல் தடை தளர்ந்த பிறகும், புதிய வண்டியின் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதற்கே திரும்பியவர்களில் நானும் ஒருவன். இந்த இயலாமையை வைத்துத்தான் சில பாவித்த உதிரிப்பாகக் கடைகளும் கராஜ்களும் பிழைக்கின்றன.

எனது வண்டியின் முன்பக்கம் இடப்புறமாகச் சரிந்து நின்றது. பார்த்தவுடனேயே ஒரு கராஜில் சொக் அப்சோர்பரை மாற்றினார்கள். சொக் அப்சோர்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது. இந்த வண்டியில் பாரத்தைத் தாங்கி உயரத்தை நிர்ணயிப்பது டோர்ஷன் பார் என்ற, முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் நீண்ட உருக்குக் கம்பி. இது தெரியாமலா கராஜ் நடத்துகிறார்கள்? அடுத்த இடத்தில் இடப்புற டோர்ஷன் பாரின் சரிசெய் போல்ட்டை அதன் எல்லைவரை இறுக்கி வண்டியை நேராக நிறுத்தி, வீல் எலைன்மன்டும் செய்து, காசை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நிற்கும்போது நேராகத்தான் நின்றது; பள்ளத்தில் இறங்கினாலோ பிரேக்கை அழுத்தினாலோ மறுபடியும் இடப்பக்கம் அமிழ்ந்தது.

கடைசியில் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துப் பார்த்தால், வலப்புறம் பூட்டியிருந்த பாரின் முனையிலும் இடப்பக்கத்தைக் குறிக்கும் ‘எல்’ என்றே பொறித்திருக்கிறது! இடப்பக்கப் பாரும் வலப்பக்கப் பாரும் எதிரெதிர்த் திசைகளில் முறுக்குத் தாங்குவதற்காகத் தயாரிக்கப்பட்டவை. அதற்காகத்தான் அந்த எழுத்தையே பொறிக்கிறார்கள். போதாததற்கு, வேர்னியர் அளவுகோலை வைத்து அளந்தபோது வலப்பக்கத்துப் பார் 1 மில்லிமீற்றர் தடிப்பாகவும் இருந்தது. ஒரு மில்லிமீற்றர்தானே என்று யாரும் சிரிக்க வேண்டாம். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், 23 மில்லிமீற்றர் பாருக்குப் பதிலாக 24 மில்லிமீற்றர் பாரைப் போட்டால் விறைப்பு 18 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். எந்தப் போல்ட்டை இறுக்கினாலும் இந்த வித்தியாசம் தீராது, ஏனென்றால் போல்ட் மாற்றுவது உயரத்தை மட்டுமே.

அந்தப் பாவித்த பாரை விற்ற கடையில் இதைக் கேட்டபோது கிடைத்த பதில், “அண்ணை, பூட்டுப்படுது தானே, ஓடிப் பாருங்கோ.” முனையிலுள்ள பற்கள் ஒத்திருந்தால் எதுவும் பூட்டுப்படும். சோடியில் ஒன்றை எந்த வண்டியிலிருந்து கழற்றினோம், எந்தப் பக்கத்திலிருந்து கழற்றினோம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கட்டிவைக்கக்கூட முடியாதவர்கள், உயிரைச் சுமந்து ஓடும் வண்டிக்குப் பாகம் விற்கிறார்கள்.

கராஜ்காரர்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய வித்தையல்ல. சமதரையில் வண்டியை நிறுத்தி, இருபக்கமும் ஒரே அளவு டயரா, காற்று சமமா என்று பார்த்துவிட்டு, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை நாடா பிடித்து அளக்க எவ்வளவு நேரமாகும்? வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில். ஒன்றையும் அளக்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதற்கு என் பணப்பை பரிசோதனைக்கூடம் அல்ல. சோடியாகப் பார் இல்லையென்றால் இல்லை என்று நேரே சொல்லுங்கள், நான் வேறு கடையைப் பார்த்துக்கொள்கிறேன்.