நிறம் தெரியும், குலம் தெரியாது

ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். புதைபடிவ ஆய்வாளர்களுக்கு மூலம் பார்ப்பதுதான் வேலையே. அந்த வேலையில் அவர்களைப் படாதபாடு படுத்தும் சின்ன டைனோசர் ஒன்று உண்டு: அன்கியோர்னிஸ். போன வாரம் அதை வைத்து அக்காள் கணவரோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். அவர் பத்திரம் எழுதுபவர். "அது பறவையா இல்லையா என்று விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை. மற்றதையெல்லாம் எப்படி நம்புவது மாப்பிள்ளை?" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

தெரியாதது குலம் மட்டும்தான். மற்றபடி இவ்வளவு நெருக்கமாக நமக்குத் தெரிந்த டைனோசர்கள் குறைவு. சீனாவின் லியாவோனிங்கில், சுமார் 16 கோடி ஆண்டுகள் பழைய பாறையில் கிடைத்தது. முதல் மாதிரியின் எடையை 110 கிராம் என்று கணித்தார்கள். ஒரு மைனாவின் எடை. கைகளில் நீண்ட இறகு, கால்களிலும் நீண்ட இறகு, பாதத்தின் விரல்வரை இறகு. (காலில் பாவாடை கட்டிக்கொண்டு அது எப்படி ஓடியதோ!) 2010இல் இறகில் எஞ்சிய நிறமித் துகள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உடல் கருஞ்சாம்பல், சிறகில் வெள்ளை, வெள்ளை இறகின் நுனியில் கறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். கொண்டை செம்பழுப்பு என்றார்கள்; வேறொரு மாதிரியைப் பார்த்தவர்கள் அதை மட்டும் ஒப்பவில்லை. ஷான்தோங்கின் தியான்யு அருங்காட்சியகத்தில் மட்டும் 200க்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. சான்று போதாமல் வந்த குழப்பம் இல்லை இது.

2009இல் சீனப் புதைபடிவ ஆய்வாளர் ஷூ ஷிங்கின் குழு இதைப் பறவைக் கிளையில் வைத்தது. அந்த மாதிரிக்கு மண்டை ஓடு கிடையாது. அதே ஆண்டில் தலையோடு இன்னொன்று வெளிவந்தது; உடனே ட்ரூடோன்டிட் என்னும் டைனோசர் குடும்பத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டுரையிலும் ஷூ ஷிங்கின் பெயர் இருக்கிறது. 2011இல் அவரே ஷியாவோடிங்கியா என்ற உறவுக்கார உயிரைச் சேர்த்துக் குலமரத்தைக் கணக்கிட்டபோது, 1861 முதல் ஆதிப்பறவை என்று பெயரெடுத்த ஆர்க்கியாப்டெரிக்ஸே அன்கியோர்னிஸோடு சேர்ந்து பறவைக் கிளையை விட்டு வெளியேறியது. ஷியாவோடிங்கியாவை மட்டும் நீக்கிவிட்டால் ஆர்க்கியாப்டெரிக்ஸ் மறுபடி உள்ளே வந்துவிடுகிறது! 2013இல் அவுரோர்னிஸ் என்ற இன்னொரு உறவுக்கார உயிரை விவரித்த குழு அன்கியோர்னிஸையும் ஆர்க்கியாப்டெரிக்ஸையும் பறவைப் பக்கமே திரும்பக் கொண்டுவந்தது.

இதைத்தான் மாமா தடுமாற்றம் என்கிறார். அவர் தொழிலை வைத்தே கேட்டேன்: பாகப்பிரிவினை முடிந்த முதல் தலைமுறையில், பங்காளிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து யார் எந்த வீடு என்று சொல்லிவிட முடியுமா? பறவைகளின் கிளை பிரிந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த உயிர் இது. இரு வீட்டுச் சாயலும் இருக்கத்தானே செய்யும்? எல்லைக்கல்லை நட்டது நாம், அதுவும் 16 கோடி ஆண்டுகள் கழித்து.

என் கோபமெல்லாம், 'முதல் பறவை கண்டுபிடிப்பு' என்று ஒவ்வொரு முறையும் கொட்டை எழுத்தில் தலைப்பு போடுபவர்கள் மீதும், படத்தின் கீழே ஒற்றை வரியில் குலத்தை முடித்துவிடுகிற பிள்ளைகள் புத்தகங்கள் மீதும்தான். அந்த இடத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டால் மை தீர்ந்துவிடுமா? பெயர் வைத்தவர்களாவது யோக்கியமாக நடந்துகொண்டார்கள். அன்கியோர்னிஸ் என்றால் 'பறவைக்குப் பக்கத்தில்' என்று பொருள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "ஆகமொத்தம், வில்லங்கச் சொத்து."

"ஆமாம் மாமா. ஆனால் சொத்து இருக்கிறது."