பந்தலில் ஆமென் சொன்னவர்களுக்கு

நம் சபைக் கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் பேசிய வீடியோவை எனக்கும் அனுப்பிவிட்டார்கள். "அக்கா, பார்த்தீங்களா" என்று சிலர், "சிஸ்டர், தியானிக்கவும்" என்று சிலர். பார்த்தேன். கர்ப்பத்தில் பிள்ளைக்குக் குறை இருக்கிறதா என்று டெஸ்ட் எடுப்பது அவிசுவாசமாம். குறையோடு பிறந்தால் பெற்றவர்கள் தங்கள் மறைவான பாவத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டுமாம். பிரசங்கியார் வெளியூர்க்காரர், பேசிவிட்டுப் போய்விட்டார். பந்தலிலிருந்து வந்த ஆமென்தான் எனக்குத் தாங்கவில்லை. அதில் தெரிந்த குரல்கள் இருந்தன.

என் இளையவனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பது களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். உடலின் செல்களில் மரபணுக்களைச் சுமக்கிற இழைகள்தான் குரோமோசோம்கள்; அதில் 21ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே குரோமோசோம்கள் சரியாகப் பிரியாததால் வருவது. இதில் என் நடத்தை எங்கே வந்தது? 1959இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்ன குழுவில் இருந்த ழெரோம் லெழூன் பக்தியுள்ள கத்தோலிக்கர். கருக்கலைப்பைக் கடைசிவரை எதிர்த்தவர். அவர் காட்டிய காரணம் குரோமோசோம், பெற்றவர்களின் பாவம் அல்ல.

டெஸ்ட் எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். மூன்றாம் மாத ஸ்கேனில் கழுத்துக்குப் பின்னால் நீர் கூடுதலாக இருக்கிறது என்றார்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வாய்ப்பு எவ்வளவு என்றுதான் சொல்லும், உறுதியாகத் தெரிய பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தோம். கலைப்பதா என்று டாக்டர் கேட்டார், வேண்டாம் என்றோம். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கும் என்பதால் வயிற்றிலேயே இதய ஸ்கேனும் எடுத்தோம். ஓட்டை தெரிந்தது. அதனால்தான் பிரசவத்தை உள்ளூரில் வைக்காமல் திருவனந்தபுரத்துக்குப் போனோம். நுரையீரல் கெடுவதற்கு முன்பே ஆபரேஷன் முடிந்தது. முன்கூட்டித் தெரிந்துகொண்டதால் பிழைத்த பிள்ளை அவன். தெரிந்துகொள்வது அவிசுவாசம் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், தெரிந்துகொள்வது அவிசுவாசம் இல்லை.

"டெஸ்ட் எடுப்பதே கலைக்கத்தானே" என்று கேட்பீர்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. சட்டமும் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் 24 வாரம் தாண்டியும் அனுமதிக்கிறது. உயிரைக் கொடுத்தவர் கர்த்தர் என்று நம்புகிறவள் நான், அதைச் செய்ய மாட்டேன். ஆனால் செய்த பெண்ணைப் பார்த்துக் கல்லெடுக்கவும் மாட்டேன். அவள் பயந்தது குழந்தைக்கு அல்ல, நமக்கு. நம்முடைய பார்வைக்கு.

"ஊழியக்காரரைக் குறை சொல்லலாமா" என்கிறவர்களுக்கு: யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை வாசியுங்கள். பிறவிக்குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம், இவனா பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. அவரே முடித்து வைத்த கேள்வியை நம் பந்தலில் மைக் வைத்துத் திரும்பக் கேட்கிறார்கள்.

விஞ்ஞானத்தைக் கண்டு எதற்கு இந்தப் பயம்? பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்டுபிடித்த மெண்டல் ஒரு துறவி. நம் நெய்யூரில் 1838இலேயே மருத்துவ ஊழியம் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் 1922இல் அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு இங்கேயே வந்து ஆபரேஷன் கத்தி பிடித்தார். நம் தாத்தா பாட்டிக்கு அந்தக் கத்தி அவிசுவாசமாகத் தெரியவில்லை.

மரபணு விஷயத்தில் கிறிஸ்தவர்கள் பேச வேண்டிய இடம் இருக்கிறது. 2018இல் சீனாவில் கருவின் மரபணுவைத் திருத்திப் பிள்ளைகளைப் பிறக்க வைத்தார் ஒருவர், பிறகு சிறைக்கும் போனார். கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994லேயே சட்டம் வந்தது, ஆண் பிள்ளை ஆசை இன்னும் சாகவில்லை. அங்கே பேசுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஸ்கேன் அறை வாசலில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் வந்து பேசாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது. என் மகனுக்குக் காணிக்கைப் பையில் காசு போட அவ்வளவு ஆசை. போட்டதும் வரிசையில் இருக்கிற எல்லாருக்கும் கை கொடுப்பான். போன மாதம் பக்கத்தில் இருந்த அம்மாவின் பேரனுக்கும் கையை நீட்டினான். அந்த அம்மா பேரனை மெதுவாகத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். இவன் நீட்டிய கையோடு நின்றான், அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். வீடியோவில் அந்த அம்மாவின் ஆமென்னும் கேட்டது.

கருவைக் கலைக்காதே என்று சொல்கிற சபை, பிறந்த பிள்ளைக்குப் பெஞ்சில் இடம் கொடுக்க வேண்டும். இவனுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஜெபக்குறிப்பில் பெயர் வாசித்தார்கள், நன்றி. ஆஸ்பத்திரிக்கு ஒருவேளைச் சோறு கொண்டுவந்தது பக்கத்து வீட்டு ராதா மாமி, அவர்கள் சபைக்காரர் இல்லை.

"நீ உணர்ச்சிவசப்படுகிறாய்" என்று கமெண்ட் வரும். படத்தான் செய்கிறேன், என் பிள்ளை.

சண்டே ஸ்கூலில் இவனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று போன வருஷமே கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். கன்வென்ஷன் பந்தலுக்கும் எல்இடி திரைக்கும் தீர்மானம் போட்ட கூட்டத்தில் அந்தக் கடிதத்தை எடுக்கவே இல்லை. கமிட்டியில் இருக்கிற அண்ணன்மார் மூன்று பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் வருகிறேன், பதில் சொல்லுங்கள்.