உட்கார்ந்து பார்க்காமல் சொல்லப்படும் பாராட்டு

சிற்பம்போலச் செதுக்கிய நாற்காலிகளின் படங்கள் இணையத்தில் அடிக்கடி பகிரப்படுகின்றன. நெளிந்து இறங்கும் சாய்வு, வேர்விட்டதுபோல் தரையில் ஊன்றிய கால்கள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாத மர ஓட்டம் என ஒவ்வொன்றும் வியக்க வைக்கிறது. கீழே பாராட்டுகள் குவிகின்றன. உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மரப்பட்டறையில் நாற்காலிகளோடு மல்லுக்கட்டுகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்த மௌனம் எனக்கு உறுத்துகிறது. சிற்பத்தன்மை கொண்ட ஓர் இருக்கை மனித உடலோடு கொள்ளும் உறவை, உட்கார்ந்திருக்கும் உடல் ஓயாமல் அசையும் என்பதை அதைச் செய்தவர் எவ்வளவு மதித்திருக்கிறார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

உடலைப்போலத் தோற்றமளிக்கும் இருக்கையைச் செய்வது ஒப்பீட்டளவில் எளிது. 1969-இல் பிரிட்டன் கலைஞர் ஆலன் ஜோன்ஸ் பெண் உருவங்களையே நாற்காலியாகவும் மேசையாகவும் தொப்பி மாட்டும் தாங்கியாகவும் ஆக்கிக் காட்டினார். கடும் எதிர்ப்பு எழுந்தது. 1986-இல் லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் அந்த நாற்காலியின்மீது பெயிண்டை அரிக்கும் திரவம் வீசப்பட்டது. அதே 1969-இல் இத்தாலியரான கயத்தானோ பேஷே, பருத்த பெண்ணுடலை நினைவூட்டும் ஒரு நுரை இருக்கையைச் செய்து, அதனுடன் ஒரு பந்தைக் கயிற்றால் பிணைத்தார். பெண்கள் கைதிகளாக வாழ்கிறார்கள் என்பதற்கான குறியீடு அது என்று விளக்கினார். அரசியலில் இவ்விரண்டு படைப்புகளும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் இரண்டிலும் உடல் என்பது பார்வைக்கான படிமம்தான். உட்காருகிறவரின் இடுப்பும் முதுகும் அந்த விவாதத்துக்குள் வரவே இல்லை.

அந்த இடுப்பிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். உட்காரும்போது மேலுடலின் எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முண்டுகள் வழியாக இருக்கைக்கு இறங்குகிறது. கடினமான பலகையில் உள்ளங்கைகளை அடியில் வைத்து உட்கார்ந்தால் அந்த முண்டுகள் இரண்டும் விரல்களில் தட்டுப்படும். தொடையின் அடிப்பகுதி அப்படி எடை தாங்குவதற்கானதல்ல. முழங்காலின் பின்புறம் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்வதால், இருக்கையின் முன்விளிம்பு கூராகவோ அளவுக்கு மீறி உயரமாகவோ இருந்தால் சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும். நிற்கும்போது கீழ்முதுகில் இருக்கும் உள்வளைவு, உட்கார்ந்ததும் இடுப்பு பின்னோக்கிச் சுழல்வதால் தட்டையாகிவிடுகிறது. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் இடைவட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானமின்றி உட்காரும்போது அது நிற்கும்போதைவிடக் கூடுவதைக் கண்டார். பிற்கால அளவீடுகள் அந்த வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல என்று காட்டினாலும், எந்த நிலையும் நெடுநேரம் நீடித்தால் உடலுக்கு ஆகாது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

புதிதாகச் செதுக்க வருபவர்கள் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. உடலின் அச்சை அப்படியே மரத்தில் எடுத்துவிட்டால் அதுவே சொகுசான இருக்கை என்று நினைக்கிறார்கள். உட்கார்ந்த முதல் கணத்தில் அது உண்மைபோலவும் தோன்றும். ஆனால் சற்று நேரத்தில் உடல் ஒருபக்கம் ஒதுங்க விரும்பும், ஒரு காலை மடக்க விரும்பும், முன்னால் நகர விரும்பும். ஆழமான குழிவோ அதை மறுபடி மறுபடி பழைய இடத்துக்கே தள்ளும். உடல் அளவு மாறிய இன்னொருவர் உட்கார்ந்தால், குழிவின் மேடுகள் அவருக்கு எலும்பில் குத்தும். மெல்லிய குச்சிகளை வரிசையாக நட்டுச் சாய்வு அமைக்கும் பழைய ஆங்கிலேய வகையான விண்ட்சர் நாற்காலியின் இருக்கையைப் பாருங்கள். தடித்த ஒற்றைப் பலகையை வாய்ச்சியால் குடைந்திருப்பார்கள். ஆழம் ஒரு விரற்கடை அளவுதான் இருக்கும். முன்னே நடுவில் மெல்லிய மேடு, அதன் இருபுறமும் தொடைகளுக்காகச் சரிந்து இறங்கும் விளிம்பு, அவ்வளவுதான். எலும்புகளுக்கு இடம் கொடுத்துவிட்டு, மற்றதை உட்காருகிறவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது அந்த வேலை.

செதுக்கு வேலை எங்கே உடலுக்கு உண்மையான நன்மை செய்கிறது என்று கேட்டால், நான் கைப்பிடியைத்தான் காட்டுவேன். அமெரிக்க மரக்கலைஞர் சாம் மலூஃபின் ஆடும் நாற்காலிகளில் கைப்பிடி பலகைபோல் தட்டையாக இராது. மேற்புறம் முன்கையை ஏந்தும்படி சற்றே குழிந்து அகன்றிருக்கும், விளிம்பில் ஒரு கூரிய கோடு ஓடி, இணைப்பை நெருங்கும்போது மென்மையான வளைவுக்குள் கரைந்துவிடும். கண் அந்தக் கோட்டை ரசிக்கும். கையோ கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்துக்குப் போகும். உட்கார்ந்திருப்பவரின் விரல்கள் தாமாகவே மடங்கித் தேடுவது அந்த இடத்தைத்தான். அரம், பிறகு சீவுதகடு, பிறகு உப்புத்தாள் என்று அடிப்புறத்தில் செலவிடும் நேரத்தைப் படம் எடுத்துப் பகிர முடியாது என்பதால், இப்போதைய பல வேலைகளில் அங்கே ரம்பத்தின் தடம் அப்படியே கிடக்கிறது. படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் மெக்கார்தர் நல்கை 1985-இல் மலூஃபுக்குக் கிடைத்தபோது, கைவினைஞர் ஒருவருக்கு அது கிடைப்பது அதுவே முதல்முறை.

டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த வட்ட நாற்காலியும் அப்படிப்பட்டதே. 1960-இல் கென்னடியும் நிக்சனும் மோதிய தொலைக்காட்சி விவாதத்தில் இடம்பெற்றது அதுதான். அதன் கைப்பிடிகளும் சாய்வும் ஒரே வளையமாகத் தெரிந்தாலும், உண்மையில் அவை விரல் கோத்ததுபோன்ற பற்களால் இணைக்கப்பட்ட மரத்துண்டுகள். இவ்வளவு வளைந்த ஒரு வடிவத்தை ஒரே பலகையிலிருந்து வெட்டினால், வளைவின் குறுக்கே மரத்தின் நார் ஓடும் இடத்தில் அது முறிந்துவிடும். உடலைச் சுற்றிவரும் வளைவை மரம் எளிதில் தருவதில்லை. இணைப்பு வேலையால் அதைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

நலமிழந்த உடலிடமிருந்து கற்ற வடிவங்களுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். பின்லாந்தில் பைமியோ காசநோய் மருத்துவமனைக்காக ஆல்வர் ஆல்டோ 1930-களின் தொடக்கத்தில் வடிவமைத்த நாற்காலியின் சாய்வுக் கோணம், நோயாளி எளிதாக மூச்சுவிட உதவும் என்ற எண்ணத்தில் அமைந்தது. தொட்டால் குளிரும் எஃகுக் குழாயை விட்டு அவர் வளைத்த பிர்ச் மரத்தைத் தேர்ந்தார். அமெரிக்காவில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1942-இல் கடற்படைக்காக ஒட்டுப்பலகையில் செய்த, காயம்பட்ட காலை அசையாமல் தாங்கும் சட்டகம், ஏறக்குறைய 1,50,000 எண்ணிக்கையில் தயாரானது. தட்டையான பலகையை இரு திசைகளிலும் வளைக்கும் வித்தையை அவர்கள் காயம்பட்ட காலுக்காகத் தீட்டிக்கொண்டார்கள். புகழ்பெற்ற நாற்காலிகள் அதன் பிறகு வந்தவை.

வசதியே எல்லாம் என்று நான் வாதிடவில்லை. சிற்பத்துறையில் பட்டம் பெற்ற வெண்டெல் காசில், 1960-களில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு அடுக்கி, அந்தத் திரளை இயந்திர ரம்பத்தால் குடைந்து இருக்கைகள் செய்தார். மூட்டு இணைப்புகளின் கட்டுப்பாட்டிலிருந்து மரவேலையை அவர் விடுவித்த துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். இருந்தாலும் அவர் வழியில் வருகிறவர்கள் செய்யும் தாழ்ந்த, உருண்ட இருக்கைகள் பலவற்றில் ஒரு குறை காண்கிறேன்: உட்காருவதை மட்டும் நினைத்தவை அவை, எழுந்திருப்பதை நினைக்கவில்லை. எழுவதற்குப் பாதங்களை இருக்கையின் அடியில் பின்னிழுக்க இடம் வேண்டும், கை ஊன்ற முன்னே பிடிமானம் வேண்டும். முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் இவை இரண்டும் இல்லாத இருக்கை, எவ்வளவு அழகாக இருந்தாலும், உதவியில்லாமல் வெளியேற முடியாத பள்ளம்தான்.

இத்தனை பேச்சுக்கும் பிறகு, காட்சிக்கூடத்துக்குப் போனால் நாற்காலிக்கு முன்னால் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஓவியத்துக்கு அது நியாயம், நாற்காலிக்கு அல்ல. அமெரிக்கச் சிற்பி ஸ்காட் பர்ட்டன் கருங்கல்லில் செதுக்கிய இருக்கைகளைப் பொது இடங்களில் வைத்தார். மக்கள் அவற்றில் உட்கார வேண்டும் என்பதே அவர் நோக்கம். கல் தாங்குவதை மரமும் ஓரளவு தாங்கும். புதிய கலைஞர்களின் படைப்புகளை வாங்கும் நிறுவனங்கள், அவர்களிடமே அதன் இன்னொரு பிரதியையும் செய்து வாங்கிக் கயிற்றுக்கு வெளியே போடலாம். கைப்பிடியின் மெருகு போனால் எண்ணெய் பூசிக்கொள்ளலாம், மூட்டு தளர்ந்தால் அது எந்த இடத்தில் தளர்ந்தது என்பதைச் செய்தவரும் தெரிந்துகொள்வார்.