சைட்டுக்கு அளவு இருக்கிறது, தண்ணீருக்கு?

கோவை, திருப்பூர் பக்கம் அன்னூர், அவிநாசி, பல்லடம், சூலூர் என்று எந்த ரோட்டில் போனாலும் சைட் பிரித்துக் கல் நட்டுப் போட்ட காடுகள்தான் (எங்கள் ஊர்ப் பேச்சில் காடு என்றால் விவசாய நிலம்) கண்ணில் படுகின்றன. நான் தனியார் சர்வேயர். அந்தக் கற்களில் சில நாங்கள் நட்டவை. வீட்டு மனைகளாக, அதாவது சைட்டுகளாகப் பிரித்த ஒரு லேஅவுட்டில் எதை அளக்கிறோம், எதை யாருமே அளப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சைட் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எல்லை பிடிப்பது இன்று பெரிய காரியமில்லை. எஃப்எம்பி என்கிற புல வரைபடத்தை அரசு இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்த காலம் போய், டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் என்கிற அளவைக் கருவிகள் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லிவிடுகின்றன. அங்கீகாரம் இல்லாத மனைகளுக்குப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு ரோட்டு அகலம், பூங்கா இடம் எல்லாமே வரைபடத்தில் ஒழுங்காக வருகின்றன. அது நல்ல மாற்றம்தான். ஆனால் 'டிடிசிபி அப்ரூவ்டு' (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம் அங்கீகரித்தது) என்று போர்டில் பார்த்ததுமே தண்ணீரும் அதில் அடக்கம் என்று ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் வரும் என்று அந்த அங்கீகாரத்தில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 ஏக்கர் காடு. ரோட்டுக்கும் பூங்காவுக்கும் விட்டது போக 4 சென்ட் வீதம் பிரித்தால் சுமார் 70 சைட் வரும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 280 பேர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 15,400 லிட்டர் போதும். ஆனால் அங்கே குடிவருகிறவர்கள் இரண்டு பாத்ரூம், வாஷிங் மெஷின் என்று டவுன் வாழ்க்கையைத்தான் வாழப்போகிறார்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு வைத்திருக்கிற அளவு 135 லிட்டர். அப்படிப் பார்த்தால் 37,800 லிட்டர் வேண்டும். நடுவில் விழுகிற துண்டு தினமும் 22,400 லிட்டர். பெரிய தண்ணி லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லோடு. இது ஒரே ஒரு லேஅவுட்டுக்கு. அதே பஞ்சாயத்தில் இன்னும் நாலைந்து கல் நட்டுத் தயாராக நிற்கும்.

இதில் என்னை ரொம்பவும் உறுத்துகிற விஷயம் வேறு. எந்தக் காடு முதலில் விலைக்கு வருகிறது? கிணறு வற்றி, போர்வெல் பொய்த்து, வேலைக்கு ஆளும் கிடைக்காமல் போன காடுதான். விற்கிற விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வேறு வழியில்லாமல்தான் விற்கிறார். ஆனால் நாலு ஏக்கர் சோளத்துக்கும் பத்து மாட்டுக்கும் தண்ணீர் போதவில்லை என்று கைவிட்ட அதே மண்ணில்தான் 70 குடும்பங்களைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம்.

போர் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். இந்தியா முழுக்கப் போர் போடப் போகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி நம் பக்கத்து வண்டி. அதனால் 1,000 அடி என்பதெல்லாம் நமக்குச் சாதாரணமாகிவிட்டது. நம் ஊர் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மேலே இருக்கிற சிதைந்த பாறையிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். 4 சென்ட் சைட்டுகளில் முப்பது நாற்பது அடிக்கு ஒரு போர் இறங்கினால் பல போர்கள் ஒரே வெடிப்பைத்தான் உறிஞ்சும். லேஅவுட் குடியேறி நாலு கோடை போனதும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு அடி மண்ணைக் காட்டும். எங்கே போய் முறையிடுவது என்று அந்தத் தோட்டக்காரருக்குத் தெரியாது.

சரி, சப்ளை தண்ணீர்? கோவை குடிக்கிற சிறுவாணியின் அணை கேரளத்தில் இருக்கிறது. பில்லூர் தண்ணீர் பவானியிலிருந்து வருகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை லிட்டர் என்று பங்கு வைத்திருப்பார்கள். புதிதாக ஒரு லேஅவுட் வந்துவிட்டது என்பதற்காகக் குழாயில் அந்தப் பங்கு அதிகமாகாது. இருக்கிற தண்ணீரைத்தான் எல்லாரும் பகிர வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தது நாலு நாளைக்கு ஒருமுறை ஆகும். பாதிக்கப்படுவது பழைய ஊர்க்காரர்களும்தான்.

எங்கள் தொழில் இங்கேதான் உதவ முடியும். எஃப்எம்பியில் நீளம், அகலம், பரப்பு, ஓடை, கிணறு எல்லாம் இருக்கும். மேடு பள்ளம் இருக்காது. ஆனால் தண்ணீர் மேடு பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். மாடி இல்லாத வீட்டுக்கே குழாயில் குறைந்தது 7 மீட்டர் அழுத்தம் (அதாவது அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுகிற அழுத்தம்) வேண்டும், ஒரு மாடி வீட்டுக்கு 12 மீட்டர் என்பது குடிநீர் வடிவமைப்பில் வழக்கமான அளவு. ஊர் மேல்நிலைத் தொட்டிக்கும் லேஅவுட்டின் உச்சி சைட்டுக்கும் லெவல், அதாவது உயர வித்தியாசம், எடுத்துப் பார்த்தால் அங்கே தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். ஆட்டோ லெவல் என்கிற கருவியை வைத்து ஒரு நாளில் முடிகிற வேலை. அதை யாரும் கேட்பதில்லை. ஒருமுறை ஒரு புரமோட்டரிடம் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் பஞ்சாயத்துல பாத்துக்குவாங்கண்ணா, நீங்க கல்லை நடுங்க" என்று முடித்துக்கொண்டார்.

இப்போது நோட்டீஸ்களில் புதிதாக ஒன்று வருகிறது: 'அத்திக்கடவு குளம் அருகில்'. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் எங்கள் பகுதி பல தலைமுறையாகக் கேட்டுப் போராடிப் பெற்றது. 1,045 குளம் குட்டைகளுக்கு ஆண்டுக்கு 1.5 டிஎம்சி. ஆனால் அது பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகிற தண்ணீர். உபரி இருந்தால்தான் குளத்துக்கு வரும். நிலத்தடி நீர் ஊறவும் பாசனத்துக்கும் கொண்டுவந்ததைச் சைட் விற்கிற விளம்பரமாக்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது. அதே குளத்துக்கு மழைத்தண்ணீர் கொண்டுவருகிற ஓடைப் பள்ளம், பல வருஷம் காய்ந்து கிடக்கிறது என்பதற்காக, காம்பவுண்டு சுவருக்குள் போய்விடுகிறது. எஃப்எம்பியில் இரட்டைக் கோடாக அது இருக்கத்தான் செய்கிறது. வாங்குவதற்கு முன் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். லேஅவுட் அங்கீகாரத்துக்குப் போகும்போதே தண்ணீர் கணக்கும் கூடவே போக வேண்டும்: ஊருக்கு ஒதுக்கிய அளவு எவ்வளவு, இப்போது குடிக்கிறவர்கள் எத்தனை பேர், தொட்டியிலிருந்து சைட்டுக்கு லெவல் என்ன, சித்திரை மாதத்தில் போரை ஓட்டிப் பார்த்தால் மணிக்கு எத்தனை லிட்டர் வருகிறது. 40 வீட்டுக்குத்தான் தண்ணீர் என்றால் இப்போதைக்கு 40 சைட்டுக்கு அனுமதி கொடுக்கட்டும். சைட் விலை கூடும் என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும். காலத்துக்கும் லாரித் தண்ணீருக்குக் கொடுக்கிற காசை யாரும் சைட் விலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், நம் ஊராட்சிகளில் கிராம சபை நாளும்கூட. சைட் வாங்கிக் குடிவந்தவர்களும் பழைய ஊர்க்காரர்களும் சேர்ந்து போய், அடுத்த லேஅவுட்டுக்கு எந்தத் தொட்டியிலிருந்து எத்தனை லிட்டர் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.