555 புத்தகமும் வரலாறுதான்

அரசியல், வியாபாரம், பழக்கவழக்கம் எல்லாவற்றுக்கும் அடியில் வரலாறு கிடக்கிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் அதில் உதாரணங்கள் எல்லாம் அரசர்களும் போர்களுமாகவே இருக்கின்றனவே! மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டைப் பாருங்கள். 1948 ஜூன் 16இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. இது பாடநூலிலேயே இருக்கிறது.

பாடநூலில் இல்லாதது மளிகைக் கடை. பால்மரம் வெட்டினால், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தால், சம்பளம் மாதம் ஒருமுறைதான். அதுவரை அரிசியும் கருவாடும் கடன். கடனை எழுதிவைக்க 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகம் கடைக்காரரிடம் ஒன்று, நம்மிடம் ஒன்று. ரப்பர் போய் செம்பனை வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. கையில் காசு இருந்தாலும் என் அம்மா இன்றும் மாதக் கடைசியில்தான் கணக்குத் தீர்ப்பார். (கடைக்காரருக்கும் அதுதான் பிடிக்கும்.)

அப்புறம் தோட்டத் துண்டாடல். 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைக் கூறு போட்டு விற்றபோது வேலையோடு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போனது. அதைச் சமாளிக்கத்தான் 1960இல் ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி (மலாயா டாலர்) கட்டி, தோட்டத்தை நாமே வாங்குவது. தாத்தாவின் பங்குப் பத்திரம் இன்னும் எங்கள் பிஸ்கட் டின்னில் நாலாக மடிந்து கிடக்கிறது.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை பார்க்கப் போனால் சம்பளத்தைப் பிறகுதான் கேட்பார்கள். முதல் கேள்வி, “வீட்டுக்கு கிராண்டு (பட்டா) இருக்கா?”