கையோடு வைத்த தேர்வு போதாது

அமெரிக்காவில் லத்தீனோ பெரியவர்களுக்கு ப்ரொமோத்தோரா எனப்படும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் நடத்தும் எச்.ஐ.வி வகுப்பைப் பற்றிய கட்டுரை, வகுப்பு முடிந்த கையோடு மதிப்பெண் கூடியதையே வெற்றி என்கிறது. அது ஞாபகசக்திக் கணக்கு. 3, 6 மாதம் கழித்தும் அதே கேள்விகளைக் கேட்டால்தான் தெரியும்.

எச்.ஐ.வி பற்றிய அறிவை அளக்கும் எச்.ஐ.வி-கே.க்யூ-18 வினாத்தாளில் 18 கூற்றுகள். சரி, தவறு, தெரியாது என மூன்று விடைகள். 'தெரியாது' தவறாகவே எண்ணப்படும். வகுப்புக்குப் பின் துணிந்து ஊகித்தாலே மதிப்பெண் ஏறிவிடும். 'தெரியாது' எத்தனை குறைந்தது என்று தனியே காட்டுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் பெயரில்லாக் குறியீட்டில்தான்; ஒருவரின் முன், பின் தாள்களை ஜோடி சேர்க்கப் பெயருக்குப் பதில் அவரே எழுதுவது அது. இவர்களில் பலருக்குத் தந்தை வழி, தாய் வழி என இரண்டு குடும்பப்பெயர்கள். முதல் தாளில் ஒன்றின் எழுத்தைப் போடுவார்கள், அடுத்ததில் மற்றதன் எழுத்தை. பிறந்த தேதி 03/07 என்றால் மார்ச்சா, ஜூலையா? தாள்கள் ஜோடி சேராது. தாயின் முதற்பெயரில் இரண்டெழுத்து, பிறந்த தேதி எண் மட்டும், அண்ணன்மார் எண்ணிக்கை: இது தேவலை.

வகுப்பு பெறாத ஒப்பீட்டுக் குழு அதே தெருவில் இருந்தால் பேச்சு பரவிவிடும். ஆள் ஆளாக அல்ல, தேவாலயம் தேவாலயமாகக் குலுக்கிப் பிரியுங்கள். தேவாலயத்துக்கு 20 பேர், உட்தொடர்பு (ஒரே தேவாலயத்தார் விடைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) 0.02 என்றால், ஆள் ஆளாகப் பிரிப்பதைவிட 1.38 மடங்கு பேர் வேண்டும்.

'பரிசோதனை செய்துகொண்டேன்' என்ற வாய்மொழியைவிட, வகுப்பில் கொடுத்த எண்ணிட்ட சீட்டு கிளினிக்கில் எத்தனை வந்து சேர்ந்தது என்று எண்ணுவது மேல்.